உரிமை கோரப்படாத துவிச்சக்கர வண்டிகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார். (எந்த அலுவலகம் என்று தேட வேண்டாம். மனிதரை முழுக்க மாற்றிவிட்டேன், மீசை உட்பட.) சாப்பிட்டுக்கொண்டே அவர் ஒரு பகிடி சொன்னார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருடைய அலுவலக வளவில் சைக்கிள் ஏலம் ஒன்று நடந்ததாம். ஏலம் கூற வந்தவன் புதியவனாம், அன்றுதான் அவனுக்கு முதல் அரசாங்க ஏலமாம். வாயைத் திறந்தவன் எடுத்த எடுப்பில் ஒரு பிழை விட்டானாம். என்ன பிழை என்று அவர் சொன்னதும் பந்தியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், பாயசம் மூக்கில் ஏறும் அளவுக்கு.

பிறகு சும்மா கேட்டேன்: "ஐயா, அந்தச் சைக்கிளெல்லாம் ஆருடையது?"

"ஆரோ விட்டிட்டுப் போனது," என்றார் அவர். வடையைப் பிட்டார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. தொண்ணூறில் மட்டக்களப்பில் எவனாவது சைக்கிளைச் சும்மா விட்டுவிட்டுப் போவானா? சைக்கிள்தான் அப்போது எங்களுக்கு பஸ், அம்புலன்ஸ், நெல்லு லொறி, எல்லாமே. வீட்டுக்குள் படுக்கையோரம் வைத்துக்கொண்டு தூங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சைக்கிளை விட்டுவிட்டு ஒருவன் போகிறான் என்றால் அவன் தானாகப் போகவில்லை. அதிகாரிக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் வடையைப் பிட்டார்.

ஆகவே வாசகரே, இதைப் பகிடியாகச் சொல்ல என்னால் முடியாது. முயன்று பார்த்தேன்.

2

முதல் வரைவின் தொடக்கம்: "நல்லரத்தினத்தின் தொண்டைக்குள் கடவுள் ஒரு வெண்கல மணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்." (வெட்டு. ஆளை அறிமுகப்படுத்த முதலே அலங்காரம்.)

இரண்டாவது வரைவின் தொடக்கம்: "மட்டக்களப்பு வாவியில் மீன்கள் பாடும் என்பார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த —" (இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. எங்களூரைப் பற்றி எழுதுகிற எவரும் மீனைப் பாட வைக்காமல் விடுவதில்லை. அந்த வருடம் வாவிக்கரையில் நின்று மீன் பாடுகிறதா என்று காது கொடுக்கும் நிலையில் எவரும் இருக்கவில்லை.)

மூன்றாவது, நேராக:

நல்லரத்தினம் குருக்கள்மடத்துக்காரன். வயது முப்பதுக்குக் கிட்ட. சண்டை தொடங்கும்வரை ஒலிபெருக்கி அறிவிப்பாளன். வாடகைக் காரின் கூரையில் குழாயைக் கட்டிக்கொண்டு கல்முனை வீதியில் மேலும் கீழுமாகப் போவான். புதுப்படம், கோவில் திருவிழா, உதைபந்தாட்டப் போட்டி, காணாமல்போன பசுமாடு, எல்லாமே அவன் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும். சாவு அறிவித்தலைக்கூட அவன் சொன்னால் நின்று கேட்பார்கள்.

பிறகு யுத்தம். ஒலிபெருக்கியை ஒரு நாள் ஆயுதத்தோடு வந்தவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். (எந்தத் தரப்பு என்று கேட்காதீர்கள். எல்லாத் தரப்புக்கும் ஒலிபெருக்கி தேவைப்பட்டது.) கார் போனது, படம் போனது, போட்டி போனது. நல்லரத்தினத்திடம் மிச்சமாக இருந்தது தொண்டை மட்டும். அவன் மனைவி புஸ்பம் சட்டை தைத்துக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். நல்லரத்தினம் தைத்த சட்டைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மடிப்பது அவனுக்குச் சரியாக வரவில்லை.

அடுத்த வைகாசியில் பக்கத்து ஊர் அம்மன் கோவிலில் சடங்கு முடிந்து நேத்திப் பொருட்களை ஏலம் விட வேண்டியிருந்தது. வழக்கமாகக் கூறுகிறவர் இடம்பெயர்ந்து போய்விட்டார். கோவில்காரர்கள் நல்லரத்தினத்தைத் தேடி வந்தார்கள். "கத்திறதுதானே மச்சான், நீ கத்தாத கத்தா?" என்றார்கள்.

போனான். பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கினான். "இஞ்ச பாருங்க, இத ஒரு கையால தூக்கிற ஆம்பிளை இந்த ஊரில இரிக்கானா? இரிந்தா அவன் கேக்கட்டும், மத்தவன் பேசாம இரிக்கட்டும்!" என்றான். சனம் சிரித்தது. ஷெல் விழும் பயத்தில் சடங்கு முடிந்ததும் ஓடிவிட நினைத்த சனம் சிரித்துக்கொண்டு நின்று பூசணிக்காய்க்குச் சண்டை போட்டது. நல்லரத்தினத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தன் வேலை இதுதான் என்று அவன் அந்த இடத்திலேயே முடிவு செய்தான்.

அந்தக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. இது கதைக்கு முக்கியம், ஆகவே பொறுமையாகக் கேளுங்கள். ஒரு பொருளைத் தூக்கியதும் விலையைத் தொடங்கக்கூடாது. முதலில், "நேத்திக்காரர் நிக்கிறாரா?" என்று கூப்பிட வேண்டும். அதாவது நேர்ந்து கொண்டுவந்து கொடுத்தவர் இங்கே இருக்கிறாரா என்று. இருந்தால் அவர், "நிக்கிறன்," என்பார். பிள்ளையின் நேத்தி என்றால் தாய் சொல்லலாம். அவர் பிறகு, "விட்டன்," என்று சொல்லும்வரை வேறு எவரும் விலை கேட்பதில்லை. அம்மனுக்குக் கொடுத்த பொருள்தான். ஆனாலும் கொடுத்தவர் கைவிடாததை இன்னொருவர் விலை பேசுவது மரியாதையில்லை.

[எங்கள் கோவிலில் இப்படி இல்லையே என்று எனக்குக் கடிதம் எழுதப்போகிறவர்களுக்கு: உங்கள் கோவிலில் இல்லாமல் இருக்கலாம். என் கதையில் இருக்கிற கோவிலில் இருக்கிறது.]

ஒரு கோவில் பல கோவிலானது. துறையில் மீன் ஏலம் கூறினான். ஊரைவிட்டுப் போகிறவர்களின் வீட்டுச் சாமான் கூறினான். எதைத் தூக்கினாலும் முதலில் "நேத்திக்காரர் நிக்கிறாரா?" என்றுதான் வாயில் வரும். மீன் துறையில் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். "ஓம், கடலுக்குள்ள நிக்கிறார்!" என்று எவனாவது பதில் கொடுப்பான். நல்லரத்தினமும் சிரித்துவிட்டு விலைக்குப் போவான். அரசாங்க ஏலம் கூறுவதற்கான அனுமதிப்பத்திரமும் அலைந்து எடுத்தான். புஸ்பம் அதைச் சட்டம் போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

முதல் அரசாங்க ஏலம் வந்தது. புளியந்தீவில், ஓர் அலுவலக வளவில். என்ன பொருள் என்று மதிலில் ஒட்டியிருந்தது: உரிமை கோரப்படாத துவிச்சக்கர வண்டிகள்.

3

அவை எப்படி அங்கே வந்தன என்பதை அதிகாரி பந்தியில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

சுற்றிவளைப்பு நடக்கும். பாதையில் வருகிறவனை மறிப்பார்கள். இறங்கச் சொல்வார்கள். சைக்கிளை வேலியில் சாத்திவைக்கச் சொல்வார்கள். ஒழுங்காகச் சாத்தவேண்டும், விழக்கூடாது. அதற்குப் பிறகுதான் கையைத் தலையில் வைத்துக்கொண்டு லொறியில் ஏறவேண்டும். லொறி போய்விடும். வேலி நீளத்துக்குச் சைக்கிள்கள் நிற்கும். பின்னேரம் தாய்மார் வந்து பார்ப்பார்கள். தொட்டால் தங்களையும் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் தூர நின்று பார்ப்பார்கள். பிறகு எவரோ வந்து ஏற்றிக்கொண்டுபோய் ஒரு வளவில் கொட்டுவார்கள். மாரி பெய்யும். சில்லுக்கம்பிகளுக்குள்ளால் கொடி படரும். கடைசியில் மதிலில் ஒரு தாள் ஒட்டுவார்கள்: உரிமை கோரப்படாதவை.

(மறித்தவர்கள் யார் என்று இந்தக் கதையில் பெயர் இல்லை. பயமா என்று கேட்டால், ஓம்.)

ஏலத்துக்குக் கொஞ்சம் முதல் ஒரு காலையில் அன்னப்பூரணி என்றொரு தாய் நல்லரத்தினத்தின் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். கிரானிலிருந்து வந்திருந்தாள். சோதனைச்சாவடிகளையெல்லாம் தாண்டி, பாதி வழி நடை. அவளுடைய மகன் தவராசா வட்டையில் வரம்பு கட்டப் போனவன், வயலுக்குப் போய்ச் சேரவில்லை.

"நீதானா மனே அந்தச் சைக்கிளுகளக் கூறி விக்கப்போறது?"

"ஓம் அம்மா. உள்ளுக்கு வாங்க. களைச்சிப் போய் வந்திரிக்கீங்க."

"உள்ளுக்கு வரல்ல. அதில நிக்கிற பச்சை லுமாலா சைக்கிள் எண்ட மகன்ட. பின்னுக்கு மண்வெட்டி கட்டிறதுக்குக் கொழுக்கி அடிச்சிரிக்கி. அவன்தான் அடிச்சவன். அதைக் கூறாத."

நல்லரத்தினம் தலையைச் சொறிந்தான். "நீங்க கந்தோரில போய்ச் சொல்லல்லையா?"

"சொல்லிச் சொல்லி எண்ட நாக்குத் தேஞ்சு போச்சு. போ எண்டுறாங்க, வா எண்டுறாங்க. கேட்டுக்கேட்டு நிக்கிறவள வெச்சுக்கொண்டு, கேக்க ஆளில்லையெண்டு மதிலில ஒட்டியிரிக்காங்க. வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டன்."

"நான் கூறாட்டி வேற ஆள் கூறுவாங்க அம்மா. நான் ஒண்டு செய்யிறன். ஆளை வெச்சு அதைக் கேட்டு எடுத்து உங்கட வீட்ட கொண்டந்து தாறன். நீங்க ஒண்டும் தரத் தேவையில்ல."

நல்ல மனதோடுதான் சொன்னான். அன்னப்பூரணியின் முகம் கறுத்துவிட்டது.

"எண்ட பிள்ளைட சைக்கிள எனக்கே ஏலத்தில எடுத்துத் தரப்போறியா? சைக்கிளில ஏறி நான் எங்க போறது? அவன அவங்க பிடிக்கவே இல்லையாம் மனே. அப்படி ஒரு ஆளையே தெரியாதாம். பிடிச்சதுக்கு எனக்கு இரிக்கிற ஒரே சாட்சி அந்தச் சைக்கிள்தான். உடையவன் இல்லாத சாமானெண்டு அது விலைப்பட்டுப் போனா, நான் அப்படியொருத்தனப் பெறவே இல்லையெண்டு ஆகும். அது அங்கதான் நிக்கோணும். அவன்ட பேரோட நிக்கோணும்."

போய்விட்டாள். புஸ்பம் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பு அப்படியே இருந்தது.

4

இங்கே எனக்கு நல்லரத்தினத்தோடு தகராறு வந்தது. அவன் அனுமதிப்பத்திரத்தைக் கழற்றி எறிவான் என்று எதிர்பார்த்தேன். எறியவில்லை. சரி, புஸ்பத்தைக் கெட்டவளாக எழுதிவிட்டால் அவன் தப்பிவிடுவான் என்று நினைத்து, "ஊரில உள்ளவளுக்கெல்லாம் இரங்கினா எங்கட அடுப்பு எரியுமா —" என்று அவளைப் பேச வைத்தேன். பாதி வாக்கியத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது. இவ்வளவு காலமாக ஊசியோடு மாரடித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்ணின் வாயில் நான் எதற்கு நஞ்சை ஊற்ற வேண்டும்?

புஸ்பம் உண்மையில் சொன்னது இதுதான்: "அந்த மனிசி சொல்லுறது சரி. நீங்க போகாட்டியும் சைக்கிள் விலைப்படும். அதுவும் சரி. எனக்கு ரெண்டுக்கும் மறுமொழி தெரியாது. சட்டையை மட்டும் மினுக்கித் தாறன்."

வேறு வழியில்லாத இரண்டு மனிதர்களைத் திட்டி என்ன செய்ய? கதை எழுதுகிறவர்கள் இந்த வேலையை மிகவும் இலேசாகச் செய்துவிடுகிறோம். மேலே இருப்பவனைத் தொடப் பயந்து, கீழே இருப்பவனின் மனச்சாட்சியைக் குடைந்துகொண்டிருக்கிறோம். மதிலில் அந்தத் தாளை ஒட்டியவனுக்கு மனச்சாட்சி இல்லையா? அவனைக் கேட்க ஏன் எவருக்கும் வாய் வரவில்லை?

நல்லரத்தினம் மினுக்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு போனான்.

5

ஏல வளவு. வேலிக்கு வெளியே பெண்கள் நின்றார்கள். அன்னப்பூரணி மட்டுமல்ல, பலர். உள்ளே விடக் காவல்காரனுக்கு உத்தரவில்லை. வாங்க வந்தவர்கள் மட்டும் உள்ளே போகலாம்.

வாங்க வந்தவர்களில் ஏறாவூர் அப்துல் கபூர் முன்னுக்கு நின்றார். சைக்கிள் திருத்தும் கடைக்காரர். சில்லுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று மனதுக்குள் முடித்துவிட்டிருந்தார். (பேராசைக்கார வியாபாரி என்று எழுதினால் வேகம் கூடும். ஆனால் அவர் பழைய சைக்கிளைத் திருத்தி விற்கிற மனிதர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அவருடைய ஊரிலும் இழவு விழாத வீடு தேடித்தான் பிடிக்க வேண்டும்.)

அதிகாரி கதிரையில் இருந்தார். "கெதியாக் கூறி முடிங்க தம்பி. மத்தியானத்துக்கு முதல் வளவு வெறுமையாகோணும்," என்றார். குரலில் கொடுமை எதுவும் இல்லை. வீட்டில் பிள்ளைகளிடம் பேசுவது போலத்தான் பேசினார். அதுதான் எனக்கு அதிகம் எரிகிறது.

முதலில் இழுத்து நிறுத்தப்பட்டது பச்சை லுமாலா. தற்செயலா என்று கேட்காதீர்கள், நான்தான் அதை முன்னுக்கு வைத்தேன். இந்தளவு அதிகாரமாவது எனக்கு வேண்டும்.

நல்லரத்தினம் சைக்கிள் சீற்றில் கையை வைத்தான். வேலிப்பக்கம் பார்க்கவில்லை. மூச்சை இழுத்தான். ஒலிபெருக்கியே தேவைப்படாத அந்தக் குரல் எழும்பியது.

"கூடியிருக்கிற பெரியோர்களே! இந்தா நிக்கிது லுமாலா, பச்சை நிறம், பின்னுக்குக் கொழுக்கியோட..."

அடுத்ததாக விலை வரவேண்டும். வாய் தன் பழக்கத்துக்குப் போனது.

"நேத்திக்காரர் நிக்கிறாரா?"

வளவு முழுக்கச் சிரிப்பு. சைக்கிளுக்கு நேத்திக்காரர்! அதிகாரியும் வயிறு குலுங்கச் சிரித்தார். நல்லரத்தினத்துக்கு வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. பந்தியில் நான் கேட்ட பகிடி இதுதான். அதிகாரி இதோடு முடித்துக்கொண்டார். இனி வருவதற்கு எனக்குச் சாட்சியில்லை, பொறுப்பு என்னுடையது.

சிரிப்புக்கு நடுவில் வேலிப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"நிக்கிறன்!"

சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், வெளியேயிருந்து பதில் வந்தது, ஆகவே வாங்க வந்தவள்தான் என்று காவல்காரன் நினைத்து வழிவிட்டான். அன்னப்பூரணி நேராக நடந்து வந்தாள். லுமாலாவின் ஹான்டிலைப் பிடித்தாள். நல்லரத்தினத்தின் கை இன்னும் சீற்றில் இருந்தது. இருவருக்கும் நடுவில் சைக்கிள்.

"விலையத் தொடங்குங்க தம்பி," என்றார் அதிகாரி.

நல்லரத்தினம் தொடங்கினான். குறைந்த விலையைச் சொன்னான். எவரும் கேட்கவில்லை. இன்னும் குறைத்தான். எல்லோரும் அன்னப்பூரணியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கோவில் ஏலம் கண்டவர்கள், மீதிப்பேர் பள்ளிவாசல் ஏலம் கண்டவர்கள்.

"என்ன கபூர் நானா, நீங்களுமா?" என்றார் அதிகாரி.

அப்துல் கபூர் தொண்டையைச் செருமினார். "சேர், நிக்கிறனெண்டு தாய் சொல்லிட்டா. விட்டனெண்டு இன்னும் சொல்லல்ல. எங்கட பள்ளியிலயும் கொண்டந்த ஆள் விடாம நாங்க கேக்கிறல்ல. இதில மட்டும் எப்படிக் கேக்கிற?"

"இது கோவிலுமில்ல பள்ளியுமில்ல!" அதிகாரி எழும்பிவிட்டார். அன்னப்பூரணியிடம் திரும்பினார். "உங்களுக்கு எத்தனை தரம் சொல்லுற? சைக்கிள் வேணுமெண்டா உடையவர் நேரில வரோணும். அதுதான் சட்டம். உடையவரக் கூட்டிட்டு வாங்க, இப்பவே தாறன்."

அன்னப்பூரணி அவரை நன்றாகப் பார்த்தாள்.

"ஓம் ஐயா. நானும் அதைத்தானே கேக்கிறன். எனக்குச் சைக்கிள் வேணாம். அவன ஏத்திக்கொண்டு போனது நீங்கதானே, நீங்களே கூட்டிட்டு வாங்க. வரும்வரைக்கும் நான் இதில நிக்கிறன்."

அதிகாரி லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவருக்கு என்ன மறுமொழி எழுதலாம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அவருக்காக ஒரு வார்த்தையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

6

இனி நல்லரத்தினத்தின் முறை. பழக்கத்தில் வந்தது முதலாவது. இரண்டாவது சைக்கிளுக்கும் அப்படிக் கூப்பிட்டால் அது பழக்கமில்லை, அவனே துணிந்து செய்வது. முதல் அரசாங்க ஏலமே கடைசி ஏலமாகவும் ஆகலாம். அதைவிட மோசமாகவும் ஆகலாம்.

முடிவு அ. அவன் இரண்டாவது சைக்கிளைத் தொட்டு அதே கேள்வியைக் கூப்பிடுகிறான். வேலியில் இன்னொரு தாய், "நிக்கிறன்!" பிறகு இன்னொருத்தி. ஒரு சைக்கிளும் விலைப்படவில்லை. இதை எழுதும்போது நான் அழுதேன். அழுது முடித்ததும் கிழித்தேன். இந்த முடிவில் உங்களுக்கும் எனக்கும் மனம் குளிர்ந்துவிடும். வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுவோம். ஒரு பிள்ளையும் திரும்பி வந்திருக்காது.

முடிவு ஆ. பச்சை லுமாலாவை ஓரமாக விடச் சொல்லிவிட்டு, மற்றதெல்லாவற்றையும் வாயைக் கடித்துக்கொண்டு கூறி முடிக்கிறான். பெயர்பெற்ற ஏலக்காரனாகிறான். பெரும்பாலும் நடந்திருக்கக்கூடியது இதுதான். அதனாலேயே எனக்கு இதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

முடிவு இ. அதிகாரி உள்ளே போய்த் தொலைபேசியை எடுக்கிறார். சிறிது நேரத்தில் வாசலில் ஒரு ஜீப் வந்து —

இல்லை. ஒரு கதைக்காக இன்னொரு பெண்ணைத் தள்ளி விழுத்த மாட்டேன். விழுத்தியது போதும்.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். இந்த மூன்றில் ஒன்று உங்களுக்குப் பிடித்திருக்கலாம். நாலாவது ஒன்றை நீங்களே வைத்திருக்கலாம். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் எந்த முடிவென்றாலும் அந்தப் பச்சை லுமாலாவை நின்ற இடத்திலிருந்து கொஞ்சமாவது நகர்த்தித்தான் ஆகவேண்டும், மற்றச் சைக்கிள்களை அதற்குப் பிறகுதான் முன்னுக்கு எடுக்கலாம். அன்னப்பூரணி ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முதலில் அவளிடம் போய்க் கையை எடுக்கச் சொல்லுங்கள். நான் எல்லா வரைவிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் எடுக்கவில்லை.